குளிருக்குப் போட்ட சட்டை

1987 நவம்பர் 29, ஞாயிறு. பிரெடெரிசியா, டென்மார்க்

செஞ்சிலுவைச் சங்கத்து உடுப்புப் பெட்டியில் போன கிழமை எனக்கு வாய்த்தது ஓர் இராணுவ ஜக்கெற். பச்சைக்கு மேல் கறுப்பும் மண்ணிறமும் திட்டுத்திட்டாகப் பூசிக் கிடக்கிறது. யாழ்ப்பாணத்துத் துணிக்கடையில் இத்தனை வருடம் முழக்கோலோடு நின்றவன் நான். கையில் எடுத்ததும் துணியைத்தான் தடவிப் பார்த்தேன். தடித்த ட்ரில். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறார்கள். சாயம் போகாது. இன்னும் பத்து வருடம் உழைக்கும்.

மகேந்திரராசா சிரித்தான். அறையில் என்னோடு இருப்பவன். சமையலில் பாதியும் பகிடியில் முழுவதும் அவன் பொறுப்பு. "அண்ணை, இதுக்குப் பயந்து ஓடிவந்து இதையே போட்டுக்கொண்டு நிக்கிறியள்" என்றான்.

சிரிக்கட்டும். காலைகளில் மீன் பக்டரிக்குச் சைக்கிளில் போகும்போது கடல்காற்று அவனைத் துளைத்தது. என்னைத் தொடவில்லை.

தவமணியையும் வினோதாவையும் இங்கே கூப்பிட எழுதிக்கொடுத்ததற்கு இன்னும் பதில் இல்லை. எனக்கு அகதி உரிமை தந்த நாடு. மனைவி பிள்ளையையும் தருவதாகத்தான் சட்டம். கூடினால் நாலைந்து மாதம் என்றார்கள்.

1988 ஜனவரி 10, ஞாயிறு

ஊருக்குப் படம் அனுப்புவதில் எங்கடை ஆட்களுக்கு ஒரு முறை உண்டு. தெருவில் யாருடைய காராவது நல்லதாக நிற்கும். அதில் சாய்ந்து நின்று எடுத்து அனுப்புவது. பார்க்கிறவர்கள் கார் வாங்கிவிட்டான் என்று நினைப்பார்கள். நாங்களும் இல்லை என்று எழுதமாட்டோம். இன்றைக்கு நானும் ஒரு சிவப்புக் காரில் சாய்ந்தேன். சொந்தக்காரி வீட்டுக்குள்ளிருந்து வந்துவிட்டாள்! மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடி வந்தோம்.

கடைசியில் ஊரைச் சுற்றியிருக்கும் பழைய கோட்டை மேட்டுக்குப் போனோம். அங்கே யுத்தகாலத்துப் பீரங்கிகள் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகள் ஏறி விளையாடுவார்கள். புல்லெல்லாம் உறைபனி. "கையைப் பீரங்கியிலை போடுங்கோ அண்ணை. நெஞ்சை நிமித்துங்கோ. வினோதா பாத்தால் பயப்பிடவேணும்" என்று மகேந்திரராசா கமராவைப் பிடித்தான். நானும் நிமிர்ந்துதான் நின்றேன். மெலிந்து போனது அந்த ஜக்கெற்றுக்குள் தெரியாது. தவமணி நிம்மதியாக இருப்பாள்.

1988 ஏப்ரல் 17

கசெற் வந்தது. எங்களுக்குள் கடிதம் குறைவு. கசெற்றில் பேசி அனுப்புவதுதான் பழக்கம். கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிட்டால் அங்கிருந்து தபாலில் போடுவார்கள்.

தவமணி வழக்கம்போல இருமிவிட்டுத் தொடங்கினாள். கோழி, கிணறு, தாய்க்கு ஆஸ்மா, ஊரடங்குச் சட்டம். பிறகு வினோதா. குரல் பெரிய பெண்ணுடையதாகிவிட்டது. பதினைந்து வயதாகிறதே.

"அப்பா, உங்கடை படத்தைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்திலை காட்டினனான். எல்லாரும் கொமாண்டோ எண்டு சொல்லுகினம். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. அம்மா பிரேம் போட்டு விறாந்தைச் சுவரிலை மாட்டியிருக்கிறா. பனி குளிருமே அப்பா? எனக்கும் அதே மாதிரி ஒரு சட்டை வேணும்."

அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். மகேந்திரராசா கசெற் ரேடியோவைப் பறித்து வைத்துவிட்டான்.

1988 ஜூன் 3

நீதி அமைச்சிலிருந்து பதில் ஒன்றுமில்லை.

1988 ஆகஸ்ட் 21, ஞாயிறு

இன்று கசெற் வந்தது.

கசெற்றில் தவமணி மட்டும். இருமவில்லை. எடுத்த எடுப்பில் சொன்னாள். காலையில் இந்திய ஆமி வந்து வீடு வீடாகச் சோதித்ததாம். விறாந்தையில் ஏறியவன் படத்தைப் பார்த்திருக்கிறான். புள்ளிச் சட்டை. பக்கத்தில் பீரங்கி.

"படத்தைக் கழட்டிக்கொண்டுபோய் வெயிலிலை பிடிச்சுப் பாத்தவங்கள். தமிழ் தெரிஞ்ச ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டவங்கள், உன்ரை புருசனுக்கு எந்த நாட்டிலை றெயினிங், எத்தினை பேர் போயிருக்கிறாங்கள் எண்டு. நான் மீன் பக்டரியிலை வேலை எண்டன். மீன் பக்டரியிலை பீரங்கி என்னத்துக்கு எண்டு கேட்டாங்கள். நான் என்னத்தைச் சொல்ல? இவள் முன்னுக்கு வந்து, அது என்ரை அப்பா குளிருக்குப் போட்ட சட்டை எண்டு கத்திப்போட்டாள். பேசாமல் நிண்டிருக்கலாம். அவளைத்தான் ஜீப்பிலை ஏத்தினவங்கள். நான் பின்னாலை காம்ப் வாசல்வரைக்கும் ஓடினனான். பொழுதுபடத் திரும்ப விட்டவங்கள். ஒண்டும் நடக்கேல்லையாம். கேள்விதான் கேட்டவங்களாம். கன்னம் வீங்கியிருக்கு. நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ."

கசெற்றைத் திருப்பிப் போட்டேன். அடுத்த பக்கத்தில் வினோதா பேசியிருப்பாள் என்று முடியும்வரை காத்திருந்தேன். வெறும் இரைச்சல். ஒரு இடத்தில் நாய் குரைத்தது.

எனக்குத்தானே குளிர்ந்தது? ஆருக்குக் காட்ட நிமிர்ந்து நிண்டனான்? ஒரு படம். ஒரு பொல்லாத படம் —

1988 ஆகஸ்ட் 22

ஜக்கெற்றை எரிப்பதா எறிவதா என்று யோசித்தேன். "வந்த பெட்டியிலையே போட்டுவிடுங்கோ அண்ணை" என்றான் மகேந்திரராசா. இன்று அவனிடம் பகிடி இல்லை. படம் பிடித்தவன் அவனல்லவா. என் முகத்தைப் பார்க்கவே கூசுகிறான்.

பெட்டியில் போட்டால் நாளைக்கு இன்னொரு எங்கடை ஆள் எடுத்துப் போட்டுக்கொண்டு அதே பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்பான். வேண்டாம். கட்டடத்தின் நிலவறையில் எங்களுக்கொரு தட்டு இருக்கிறது. அரிசி மூட்டைக்குப் பின்னால் சுருட்டி வைத்துவிட்டேன்.

1988 டிசம்பர் 11

வினோதா பள்ளிக்கூடம் போவதில்லையாம். கசெற்றிலும் வருவதில்லை. "நித்திரை கொள்ளுறாள்" என்கிறாள் தவமணி. ஒவ்வொரு கசெற்றிலும் நித்திரை கொள்கிறாள்.

1989 மார்ச் 9, வியாழன்

பக்டரியில் என் மேசைக்கு எதிரில் நின்று மீன் அடைக்கிறவள் பென்டே. அறுபது வயதிருக்கும். எனக்கு டேனிஷ் படிப்பித்தது பாதி அவள்தான். இன்று தேநீர் இடைவேளையில் பத்திரிகையை என் முன்னால் விரித்தாள். மெதுவாக, விரலை வைத்து வாசித்துக் காட்டினாள்.

தமிழருடைய குடும்பங்களைச் சேர்க்கும் விண்ணப்பங்களை அமைச்சில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டு வைத்திருக்கிறார்கள். மேலிடத்துச் சொல். சட்டப்படி தரவேண்டியதைத் தராமல், அடுக்கின் அடியில் வைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார்களாம்.

நான் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னேன். ஏதோ எனக்கு டேனிஷ் விளங்கவில்லை என்றுதான் நினைத்தேன். விளங்கியிருந்தது.

பென்டே அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆகஸ்ட் மாதம் வினோதா இஞ்சை இருந்திருக்கவேணும். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலை, சைக்கிளிலை, தொப்பி போட்டுக்கொண்டு. சுவரிலை படமும் இருந்திருக்காது; படத்திலை நிண்டவன் வீட்டிலை இருந்திருப்பான். என்ரை பிள்ளையின்ரை கடுதாசிக்கு மேலை ஆர் கோப்பையை வைச்சுக் கோப்பி குடிச்சவங்கள்?

பிறகு மணி அடித்தது. மீன் வரத் தொடங்கியது. அடைத்தோம்.

1989 டிசம்பர் 15

வந்துவிட்டது! இரண்டு பேருக்கும். மனைவி, மகள். பெயரெல்லாம் சரி, வினோதாவின் பிறந்த திகதிகூடச் சரி.

மகேந்திரராசா பக்கத்து நகரம் கோல்டிங் வரை போய் ஆட்டிறைச்சி வாங்கி வந்தான். கண் கலங்கக் கலங்க வெங்காயம் வெட்டினான். வெங்காயமாகவே இருக்கட்டும்.

1990 மார்ச் 25, ஞாயிறு

இதே கட்டடத்தில் தனி வீடு எடுத்துவிட்டேன். இரண்டு அறை, குசினி. வினோதாவுக்கென்று கட்டில் வாங்கிப் பூட்டினேன். ஓர் ஆணி மிஞ்சிவிட்டது. எங்கே போகவேண்டிய ஆணி என்று இன்னும் தெரியவில்லை. கட்டில் ஆடவில்லை.

பாஸ்போட் இரண்டும் கைக்கு வந்துவிட்டதாம். சித்திரை வருடம் பிறக்க, கொழும்புக்குப் புறப்படுகிறார்கள். விசா குத்தி, மே மாதம் விமானம்.

கசெற்றில் தவமணி: "இந்தியன் ஆமி திரும்பிப் போயிட்டுது. இப்ப யாழ்ப்பாண ரவுணிலை எங்கை பாத்தாலும் இயக்கப் பிள்ளையள்தான். ஒளிச்சுத் திரிஞ்சதுகள் இப்ப புலி வரி உடுப்போடை சைக்கிளிலை போகுதுகள். பொம்பிளைப் பிள்ளையளும். சந்தித் தையல்கடையிலை என்ரை பிளவுஸ் குடுத்து ஒரு மாதம், தையல்காரனுக்கு நேரமில்லையாம். வரி உடுப்புத்தான் குவியல் குவியலாத் தைக்கிறான். இவளும் போற வாற நேரமெல்லாம் கடை வாசலிலை நிண்டு பாக்கிறாள்."

துணிக்கடைக்காரனின் மகள், துணி பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் அப்படி நினைத்தேன்?

1990 மே 6, ஞாயிறு

வினோதா போய்விட்டாள்.

கொழும்புக்குப் புறப்பட இருந்த கிழமை. பெட்டி கட்டியாகிவிட்டது. கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் போனவள். சைக்கிள் மட்டும் பக்கத்து வீட்டு அருமைநாயகி வேலியில் சாத்திக் கிடந்திருக்கிறது. தவமணி இயக்கத்தின் முகாம் வாசலில் போய் இருந்திருக்கிறாள். காம்ப் வாசலில் இருப்பது அவளுக்கு இது இரண்டாம் தரம். அங்கேயிருந்த பொறுப்பான பெண்பிள்ளை தேத்தண்ணி கொடுத்து, "அம்மா, அவவாத்தான் வந்தவா. நாங்கள் கூப்பிடேல்லை" என்று சொன்னாளாம்.

வீட்டிலிருந்த ரேடியோவில் வினோதா ஒரு துண்டு பேசிப் பதிந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன்.

"அப்பா, அம்மாவைக் கூப்பிடுங்கோ. என்னைப் பாத்துக் காத்திருக்காதேங்கோ. உங்களிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. படத்தாலை எண்டு நினையாதேங்கோ."

நினைக்காதே என்று அவள் சொன்னதனால்தான் உறுதியாகத் தெரிகிறது. பதினேழு வயது. என் பிள்ளைக்கு என்னைத் தெரிந்திருக்கிறது.

1990 ஜூன் 17

மறுபடி சண்டை தொடங்கிவிட்டது. பாதை பூட்டு. டெலிபோன் இல்லை.

அதற்கு முன்பே தவமணி சொல்லியனுப்பிவிட்டாள், தான் வரமாட்டாளாம். "பிள்ளை ஒரு நாளைக்கு வந்தால் வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது."

கட்டிலுக்கு விரித்த புதுத் துப்பட்டியை மடித்து வைத்துவிட்டேன்.

1991 ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலையில் சிவானந்தன் இன்னொருவரோடு வந்தார். இங்கே இயக்கத்துக்குக் காசு சேர்க்கிறவர். வழக்கமாகக் கதவைத் தட்டியதும் "அண்ணை, தேத்தண்ணி இருக்கோ" என்பார். இன்று சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிட்டுப் பேசாமல் உள்ளே வந்து நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லவேண்டாம், திரும்பிப் போங்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன், அதற்குள் சொல்லிவிட்டார்.

ஆனையிறவுச் சண்டையில்.

பிறகு எதையெதையோ சொன்னார். வீரம் என்றார், மண் என்றார். நான் அவருடைய காலுறையில் இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது மெல்லக் கேட்டார்: "பிள்ளையின்ரை படம் ஒண்டு தருவியளோ அண்ணை? நினைவு மண்டபத்திலை வைக்க." பன்னிரண்டு வயதில் வெள்ளைச் சீருடையும் ரிபனுமாக எடுத்த பள்ளிக்கூடப் படம்தான் என்னிடம் உண்டு. நீட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார்.

"இது சின்னப்பிள்ளையாக் கிடக்கு. வரி உடுப்போடை எடுத்தது அங்கையிருந்து வரும்."

ஓம், சின்னப்பிள்ளைதான்.

1991 ஆகஸ்ட் 19

வேலைக்குப் போனேன். பென்டே என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். மகள் இறந்துவிட்டாள் என்றேன். எப்படி என்றாள். போர் என்றேன். குண்டு விழுந்ததா என்றாள். ஓம் என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? பொய்யும் இல்லை. ஆனாலும் அவளிடம் அந்த உடுப்பைச் சொல்ல முடியவில்லை. அவள் அழுதது ஒரு சின்னப் பெண்ணுக்காக. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

1991 நவம்பர் 27, புதன்

கோல்டிங்கில் மண்டபம், மாவீரர் நாள். முன்வரிசையில் எனக்குக் கதிரை. பூ, விளக்கு, வரிசையாகப் படங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே உடுப்பில். வினோதாவின் படம் இன்னும் வந்து சேரவில்லை. வெறும் பிரேமுக்குள் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். இயக்கப் பெயர். அந்தப் பெயர் எனக்குத் தெரியாது. எந்தப் பிரேம் என்னுடையது என்று சிவானந்தன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார்.

பக்கத்துப் பிள்ளைகளின் உடுப்பைப் பார்த்தேன். கரும்பச்சை, இளம்பச்சை, மண்ணிறம். வரி குறுக்கே ஓடுகிறது. சில படங்களில் தோள் மூட்டில் வரி பொருந்தாமல் முறிந்து நிற்கிறது. அவசரத் தையல். ஒரு பிள்ளைக்குக் கழுத்து அகலம். கடையில் நிற்கிறவன்போல இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன்.

1992 ஏப்ரல் 5

தவமணி வரச் சம்மதித்துவிட்டாள். இனி அங்கே கதவு திறந்திருக்க வேண்டியதில்லை. புதிதாக எழுதிக் கொடுத்தேன்.

1992 ஜூலை 8

இந்தமுறை அனுமதி உடனே வந்துவிட்டது. ஒரு ஆளுக்கு.

1992 செப்டம்பர் 20, ஞாயிறு

தவமணி வந்து ஒரு கிழமை. விமான நிலையத்தில் அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள். நான் எதிர்பார்த்து நின்றது வேறொரு தவமணியை. தலை பாதி வெள்ளை.

கிளாலிக் கடலில் இரவோடிரவாக வள்ளத்தில் வந்து, வவுனியாவில் ஆமிச் சோதனை தாண்டிக் கொழும்பு வந்திருக்கிறாள். பெட்டியில் இரண்டு சேலை, மிளகாய்த் தூள், ஒடியல். எல்லாவற்றையும் எடுத்து வைத்தபிறகும் நான் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு விளங்கிவிட்டது.

"படம் கொண்டுவரேல்லை" என்றாள். "இயக்கத்தாலை பெரிசாப் பிரேம் போட்டுத் தந்தவை. வரி உடுப்போடை. சோதனைச் சாவடியிலை அதைக் கண்டால் என்னை விடுவாங்களே? ஒரு படத்தாலை பட்டது காணும். சீலையாலை சுத்தி அருமைநாயகி அக்காட்டைக் குடுத்திட்டு வந்தனான்."

முதல் நாளிலிருந்தே தவமணி வினோதாவின் கட்டிலில்தான் படுக்கிறாள்.

1992 டிசம்பர் 6

அரிசி எடுக்க நிலவறைக்குப் போனவள் ஜக்கெற்றோடு மேலே வந்தாள். தோய்த்தாள். ஹீற்றரில் காயவைத்து, வாசல் கொழுவியில் கொழுவிவிட்டாள். சாயம் போகவில்லை. இருவரும் அதைக் கடந்து போய்வருகிறோம்.

1993 ஜனவரி 15, வெள்ளி

நேற்று டென்மார்க்கின் பிரதமர் பதவி விலகிவிட்டார். எங்களால். எங்கள் பெயரில்தான் வழக்கு, தமிழர் வழக்கு. விசாரணை அறிக்கை வெளிவந்ததாம். தடித்த தடித்த புத்தகங்களை ரீவியில் காட்டினார்கள். விண்ணப்பங்களைக் கிடப்பில் போட்டது சட்டவிரோதம், அதைப்பற்றிப் பாராளுமன்றத்தில் சொன்னது உண்மையில்லை.

பென்டே கேக் சுட்டுக்கொண்டு வந்தாள். அதில் சின்னச் சின்ன டென்மார்க் கொடிகள். "திலுக்கெ" என்று எல்லோரும் கை கொடுத்தார்கள், வாழ்த்துகிறார்களாம். மனேஜர்கூட வந்து கொடுத்தார். நல்ல மனிதர்கள், வெட்கப்பட்டார்கள், பெருமையும் பட்டார்கள். நான் கேக்கைத் தின்றேன். பாதாம் போட்டிருந்தாள்.

பொழுதுபட வீட்டுக்கு வந்தால் தவமணி ரீவிக்கு முன்னால்.

"என்னவாம்?" என்றாள்.

"கடுதாசியளை வைச்சுக்கொண்டு இழுத்தடிச்சது பிழையாம். பிரதமர் பதவியை விட்டிட்டுப் போட்டார்."

"எங்கை போனவர்?"

"வீட்டை."

அவள் தலையாட்டினாள். ரீவியை நிறுத்தினேன். இத்தனை மாதமாகக் கேட்காதது இன்று வாயில் வந்து நின்றது. வந்தும் நேராக வரவில்லை. கடைக்காரன் புத்தி.

"அது என்ன துணி?" என்றேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. "ட்ரில். தடிப்பு. உங்கடை இதைப்போலத்தான்" என்று எழுந்துபோய் ஜக்கெற்றைக் கொழுவியிலிருந்து எடுத்து வந்தாள். மடியில் விரித்தாள். "இதிலை திட்டு. அவளின்ரை வரி. இப்பிடிக் குறுக்காலை." விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். "ஒருக்கா வீட்டை வந்தவள். உங்களுக்குச் சொல்லேல்லை. மாங்காய் புடுங்கித் திண்டாள். விறாந்தையிலை உங்கடை படம் கொழுவின ஆணியைப் பாத்துக்கொண்டு நிண்டவள். பிறகு சொல்லுறாள், அம்மா, அப்பாவின்ரை சட்டை குளிருக்கு நல்லம், இது சரியா வேர்க்குது எண்டு."

தவமணி சிரித்தாள். இங்கே வந்தபிறகு முதல் தடவை. சிரிப்பு வந்த வேகத்திலேயே உடைந்துபோனது.

"அளவான உடுப்பு இருக்கேல்லை அவளுக்கு. கட்டைப்பிள்ளை எல்லே. சட்டைக் கை நீளம். படத்திலையும் அப்பிடித்தான் நிக்கிறாள், கையை மடிச்சுவிட்டபடி" என்று ஜக்கெற்றின் ஒரு கையை மடித்தாள். ஒரு மடிப்பு. அளவு பார்த்தாள். இன்னொரு மடிப்பு. "இவ்வளவுதான் அவளின்ரை கை."

பிறகு சமைக்க எழுந்து போய்விட்டாள். ஜக்கெற் கதிரையில் கிடந்தது. ஒரு கை மடித்தபடி, மற்றது முழு நீளத்துக்குத் தொங்கிக்கொண்டு. அதை நான் மடித்தேன்.